தையல் போட்ட நெஞ்சு

“யோவ், கண்ணை இன்னா வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியா? பள்ளம் பாத்து ஓட்டுய்யா. அப்பா நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சு பத்து நாளுதான் ஆவுது.”

இளவரசன் கத்திய கத்தலில் ஜீப் ஓட்டும் லட்சுமணனுக்குக் காது அடைத்திருக்கும். அவர் கியரை மாற்றினார்.

பின் சீட்டில் அப்பாவைத் தன் தோளில் சாய்த்து, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தான் இளவரசன். திருப்பத்தூரில் கால் பக்கம் பிடித்து அவரை ஏற்றிவிட்டது லட்சுமணன்தான். மலைமேல் புதூர்நாடு போக நின்ற மற்றவர்களை எல்லாம் அடுத்த ஜீப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வளைவில் வண்டி மறுபடி தூக்கிப் போட்டது.

“நீ மாடு மேய்க்கத்தான்யா லாயக்கு. உனக்கு எவன் லைசென்சு குடுத்தான்?”

“மேய்ச்சவன்தாம்பா. மாடு இந்த மாதிரி திட்டாது.” கொஞ்ச தூரம் போனதும் லட்சுமணன் கேட்டார், “டாக்டருங்க இன்னா சொன்னாங்க?”

“இன்னா சொன்னாங்களா? நல்லாய்ட்டாரு, வூட்டுக்கு இட்டுக்கினு போன்னாங்க. இன்னும் இருவது வருசம் ஓடும்னாங்க. மிஷினெல்லாம் வெச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னாங்களாம். பெரிய படிப்பு படிச்சவனுங்க.” இளவரசன் பல்லைக் கடித்தான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா. அவன் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

“எடுத்து, வந்துக்கினு இருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லேம்பா. பாவம், அந்தம்மா காத்துக்கினு இருக்கும்.”

“நீ ரோட்டைப் பாருய்யா. என் வூட்டு விசயம் உனக்கு இன்னாத்துக்கு?”

லட்சுமணன் வேகத்தைக் குறைத்தார். நடந்து போகிறவன் முந்திவிடுகிற வேகத்தில் வண்டி மலை ஏறியது.

ஊர் வந்தது. அம்மா மாணிக்கம்மாள் சாமைக் கஞ்சிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

இளவரசன் துண்டை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு வரவில்லை. அந்த ஆத்திரமும் லட்சுமணன் மேலேயே பாய்ந்தது.

“இன்னா வேடிக்கை? வந்து கால் பக்கம் பிடிய்யா. மெல்ல. தையல் வுட்டுக்கிச்சுன்னா உன்னைச் சும்மா வுடமாட்டேன்.”

லட்சுமணன் இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். இளவரசனின் தோளில் கை வைத்து, அம்மா காதில் விழாதபடி சொன்னார்:

“போதும்பா. பொணம்னு சொன்னா எவனும் ஏத்தமாட்டான்னுதானே மறைச்சே? ஏத்தும்போதே எனக்குத் தெரியும்.”