குறையாத டப்பா

"அப்பா பைப்புல புகை பிடிக்கிறதை நிஜமாவே விட்டுட்டாராம்மா?" கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்று கேட்டாள் மகள்.

"ஒவ்வொரு தடவையும் புகையை வடிகட்டற புது பில்டர் போடாம அவரு பைப்பைத் தொட மாட்டாரே! அந்த பில்டர் டப்பாவைப் பாரு, நீ கோவிச்சுட்டுப் போனதுலேருந்து ஒண்ணுகூடக் குறையல" என்றாள் அம்மா.

மகளுக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்த அப்பாவிடம் குழந்தையை நீட்டினாள். "உங்களை நம்பாம இருந்துட்டேன்ப்பா. இந்தாங்க, உங்க பேத்தி."

பேத்தியை வாங்க நீட்டிய தன் கைகளை அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "கை கழுவிட்டு வந்துடறேம்மா."

குளியலறைக் கதவைத் தாழிட்டு, சட்டைப்பையிலிருந்து பைப்பை எடுத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. டப்பா குறையக் கூடாதென்று, இத்தனை நாளும் பில்டர் இல்லாமலே, நாக்கு பொசுங்க, தெருமுனையில் நின்று பிடித்துவிட்டு வந்திருந்தார்.

தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் விரல்களில் வாசம் போகவில்லை.

வெளியே மனைவி சிரித்தாள். "பைப்பை விட்டப்பவே அவரு கைதான் சுத்தமாயிடுச்சே, இன்னும் என்னத்தைக் கழுவுறாரு?"