செவிலிய அலுவலர்

அந்த அம்மாள் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரசவ வார்டில் நாற்பத்திரண்டு கட்டில்களுக்கு அவள் ஒருத்தி. கூட இருக்கவேண்டியவளைச் சீர்திருத்தக் கருத்தரங்கில் நாற்காலி நிரப்பக் கூட்டிப் போய்விட்டார்கள்.

கேட்டது இன்னும் இரண்டு ஆள். வந்தது புதுப் பெயர்.

இனிமேல் நர்ஸ் இல்லையாம், செவிலிய அலுவலராம். இன்று மதியம் டூட்டிக்கு வந்தவுடன் ஒரு கோட்டும் பேட்ஜும் கொடுத்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கைதட்டச் சொன்னார்கள். தட்டினாள்.

நான்கு மணிக்குள் நாற்பத்திரண்டு பேரின் விவரமும் கம்ப்யூட்டரில் ஏறியாக வேண்டும். ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மேஜை முன்னால் யாராவது நிற்பது வழக்கம்தான். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்பார்கள்.

இந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றி வாசலில் விட்டிருந்தாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க. சிஸ்டரு வரட்டும்னு நிக்கறனுங்க. துணி நனைஞ்சா சிஸ்டருகிட்டச் சொல்லோணும்னாங்க காத்தால. எம்பொண்ணு பாப்பாளுக்கு மூணு துணி நனைஞ்சு போச்சுங்க."

பேட்ஜில் இருந்த அலுவலர் என்பதை அந்த அம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டிருந்தாள். சாதிச் சான்றிதழுக்கு ஒரு மாதம் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நின்றவள். அவராகக் கேட்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று அங்கே படித்திருந்தாள்.

நர்ஸ் ஓடினாள்.

மெத்தை முழுக்க ரத்தம். பத்தொன்பது வயசுப் பெண். பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வயிற்றை அழுத்திப் பிடித்தாள். ஊசி போட்டாள். கத்தி ஆள் கூப்பிட்டாள்.

நாடி விரலுக்கு அகப்படவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஆம்புலன்சில் ஏறப்போன அம்மாள் திரும்பி, நர்ஸின் கைகளைப் பார்த்தாள்.

"ஆபீசரு நீங்க, உங்களப் போயி இதுல கைவெக்க வெச்சுட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க."

அழுகை அப்போதுதான் வந்தது.

"அந்த சிஸ்டரு வந்தா, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளுங்க. இத்தன நேரம் எங்க போனீங்கன்னு கேளுங்க."

"கேக்கறேன்" என்றாள்.