நூற்றாண்டு விழாக் குழி

சாந்த ஒடிலா ஊரின் நூற்றாண்டுத் தூணுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேயர் எவரிஸ்தோவுக்கு வாயெல்லாம் பல்.

“விடிஞ்சதிலேருந்து ஆத்துச் சத்தம்கூட இல்லப்பா. நம்ம மேளம் பனிமலை உச்சி வரைக்கும் கேக்கும், அடி!” என்று மேளக்காரனைத் தட்டிக்கொடுத்தார்.

குழிக்குள்ளிருந்து நிலவியல் ஆய்வாளர் டாக்டர் நூபியா கூப்பிட்டாள். நகரத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“மேயரய்யா, இங்க பாருங்க. ஒவ்வொரு பட்டையும் ஒரு காலம். மேல இருக்கிற மெல்லிசுப் பட்டைதான் நம்ம காலம். அதுக்குக் கீழ அந்தப் பனிமலை கக்கின எரிமலைச் சேறு. அதுக்கும் கீழ கூரை ஓடு, சீப்பு, செருப்பு. அது வேற காலம்.”

“நமக்கு முன்னாடியே இங்க ஊர் இருந்துச்சா? அப்போ இருநூறாவது வருஷ விழான்னு போஸ்டரை மாத்துங்கடா!”

“அந்த ஊர் எப்படி முடிஞ்சுதுன்னு கேக்க மாட்டீங்களா?”

“நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு டாக்டரம்மா? மேல வந்து ஒரு வாய் கரும்புச் சாராயம் குடிங்க.”

அதற்குள் ஆட்கள் சேற்றில் புதைந்திருந்த தேவாலய மணி ஒன்றைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். பழைய ஊரின் மணி! மேயர் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். எழுத்துகள் தெரிந்தன. ஊரே கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்.

“ஆற்றின் சத்தம் அடங்கினால் மலைமேலே அதை மறித்துச் சேறு தேங்குகிறது. என்னை அடித்துவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.”

மேளக்காரனின் கை அந்தரத்தில் நின்றது. எல்லாரும் ஆற்றுப் பக்கம் காதைக் கொடுத்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.