யாரைக் கூப்பிட்டாள்

கணவர் ராஜாமணி இறந்த பிறகு லீதியாளின் வீட்டில் நடந்த முதல் ஜெபக்கூட்டம் அது. அவள் முறை வந்ததும் கண்களை மூடி மண்டியிட்டாள். "ஆண்டவரே" என்று தொடங்கியவள் பாதியில் உடைந்தாள். "ராஜா, நீங்க இல்லாம எனக்கு யாரு இருக்கா? என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க ராஜா." பெண்கள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று விம்மினார்கள்.

பக்கத்து வீட்டுப் பியூலா அக்கா போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னா ஜெபம்ட்டீ லீதி! ஆண்டவர் மேல இப்படியொரு அன்ப நான் பாத்ததே இல்ல."

ஜெபத்தில் எல்லோரும் ஆண்டவரை ராஜா என்பார்கள். வீட்டில் கணவரையும் லீதியாள் ராஜா என்றுதான் அழைப்பாள். மூடிய கண்களுக்குள் அவர் முகம்தான் இருந்தது. அவர் முன்னால்தான் அவள் மண்டியிட்டிருந்தாள்.

"அக்கா, அது வந்து..." என்றாள். பியூலா அக்கா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபின், லீதியாள் பாயைக்கூடச் சுருட்டாமல் மறுபடி மண்டியிட்டாள். நாக்கு நுனிக்கு அதே பெயர்தான் வந்தது. விழுங்கிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவளைப் போல, மெல்ல, "பிதாவே" என்றாள். அவள் எழுந்திருக்கவில்லை.