திறக்காத கட்டைவிரல்

சிவனாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு வருசத்துக்கு முன்னால் வாங்கிப்போட்ட பிட்காயின், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு வாங்குமளவுக்கு ஏறிக் கிடக்கிறது. அதன் சாவியோ கைக்குள் அடங்குகிற ஒரு கருவிக்குள். அவன் கட்டைவிரல் ரேகை பட்டால்தான் திறக்கும். திறக்கவில்லை.

"இன்னும் ரெண்டு தரம் தப்பா வச்சா எல்லாம் அழிஞ்சிரும் அண்ணாச்சி," என்றான் ராஜபாளையம் செல்போன் கடை இம்மானுவேல்.

"ஏலே, விரல் எனக்குள்ளதுதானே? ரேகை தெளிவா இருக்கணும்னு மூணு மாசமா வேலைக்கே போகாம, தேங்காயெண்ணெய் தடவிப் பொத்தி வச்சிருக்கேன். பளிச்சுன்னு இருக்கு பாரு!"

இம்மானுவேல் விரலைத் திருப்பிப் பார்த்தான். "இதுல ரேகையைப் பதிஞ்ச அன்னைக்கு எங்கேருந்து வந்தீக?"

"சுண்ணாம்புக் காளவாசல்ல கூடை சுமந்துட்டு நேரா வந்தேன்."

"கெட்டுது போங்க. அன்னைக்குத் தேஞ்சுகிடந்த விரலைத்தான் இது பதிஞ்சிருக்கு. இப்ப ரேகை வளந்துட்டு. உங்களை இதுக்கு அடையாளம் தெரியலை."

மறுநாள் காலை சிவனாண்டி காளவாசலில் போய் நின்றான்.

"பணக்காரனாயிட்டேன், இனி கூடையைத் தொடமாட்டேன்னு போனியேலே?" மேஸ்திரி சிரித்தார்.

"ஆகணும்னுதான் வந்திருக்கேன் அண்ணாச்சி. பெரிய கூடையாக் குடுங்க."