பேரைப் பூட்டிடுங்க

“ரத்த வகையும் பரிசோதனை முடிவும் மட்டும் அவனுக்குத் தெரியட்டும்மா. என் பேரு, முகவரியெல்லாம் அவன் கண்ணுல படாம பூட்டிடுங்க” என்றார் வந்தவர்.

காலையிலிருந்து கணினிப் படிவங்களோடு மல்லுக்கட்டி, மருத்துவமனைப் பதிவாளருக்குக் கண் எரிந்தது. “கிட்னியே குடுக்கிறீங்க. பேரைச் சொன்னா என்னங்க?”

“என் பேரைப் பாத்தா செத்தாலும் வாங்க மாட்டான்.”

“அவ்வளவு பகையா?”

“முகம் பாத்துப் பேசியே பல வருஷமாச்சு.”

அலுப்போடு அவள் பெயரைப் பூட்டினாள். “நோயாளி உங்களுக்கு என்ன உறவு?”

“கூடப் பொறந்த தம்பி. அதையும் பூட்டிடுங்க.”

அதையும் பூட்டிவிட்டு, தம்பியின் படிவத்தைத் திறந்தாள். அவரும் ஒரு பகுதியை, மருத்துவமனை மட்டும் பார்க்கும்படி பூட்டியிருந்தார்.

‘என் அண்ணனிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் பிள்ளைகள் சின்னவர்கள். கேட்டால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்.’