தியேட்டர் பிரிண்ட்

“திருட்டுப் படம் பாக்குறது பாவம் ஜெயராணி. எத்தனை பேரு உழைப்பு!” என்று மனைவியைக் கண்டித்த பங்கிராஸ் பலமாகத் தும்மினார். வழக்கம்போல, “ஆவூர் மாதாவே, காப்பாத்து!” என்று உரக்கச் சொன்னார்.

“நான் தியேட்டருக்குத்தானே கூப்பிட்டேன்? நீங்கதான் இலுப்பூர்ல ஒரு சாவுன்னு வெள்ளிக்கிழமை பூரா அங்கிட்டே இருந்துட்டீங்க.”

“அதுக்காகத் திருடலாமா? முதல்ல அதை அழி.”

ஜெயராணி செல்போனில் படத்தை ஓடவிட்டாள். வெள்ளிக்கிழமை ரிலீஸன்றே யாரோ தியேட்டரில் மறைவாக எடுத்த பிரிண்ட். கதாநாயகனின் அம்மா இறக்கும் காட்சியில் தியேட்டரே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒருவர் பலமாகத் தும்மினார்.

“ஆவூர் மாதாவே, காப்பாத்து!” என்றது செல்போன்.

ஜெயராணி படத்தை நிறுத்தினாள்.

“ஏங்க, நீங்க சாவுக்குப் போனது இந்தம்மாவுக்குத்தானா?”